கிளினிக் தாள்களைப் படிப்பது எப்படி?



கிளினிக்கிற்குப் போய் வீடு திரும்பும்போது மருந்துப் பையோடு இரண்டு மூன்று தாள்களும் நம் கைக்கு வருகின்றன. மருந்தைப் பத்திரப்படுத்துகிறோம். தாள்களை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிடுகிறோம். தோட்டப் பள்ளி ஆசிரியருக்கு இது நன்றாகத் தெரியும். "சார், இதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாட்டி கேட்டுவரச் சொன்னார்கள்" என்று புத்தகப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. எழுத்து மலாய், இடையிடையே ஆங்கிலம். டாக்டரின் கையெழுத்தோ எந்த மொழியிலும் சேராதது.

அந்தக் காலத்தில் இந்தத் தொல்லை குறைவு. கேமரன் மலையில் 1929-இல் போ தேயிலை நிறுவனமும் 1933-இல் பாரத் தேயிலை நிறுவனமும் தொடங்கின. அன்றைய மலாயாத் தோட்டங்களில் காய்ச்சல் என்றால் டிரெசர் ஐயாவிடம் போவார்கள். அவர் கிறுக்கிக் கொடுக்கும் துண்டுச் சீட்டோடு தோட்ட லாரியில் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். இன்று அரசாங்கக் கிளினிக் வேறு, தனியார் கிளினிக் வேறு, பேனல் கிளினிக் வேறு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு தாள் தருகிறது. ஆனாலும் எந்தத் தாளாக இருந்தாலும் அது சொல்வது இரண்டே செய்திதான். ஒன்று, பணம் கட்டுவது யார்? மற்றொன்று, அடுத்து எங்கே போக வேண்டும்?

முதலில் பணம். அரசாங்கக் கிளினிக்கில் "பெசாக்கிட் லுவார்" என்றால் வெளிநோயாளி. மலேசியக் குடிமக்களுக்கு 1982-ஆம் ஆண்டின் கட்டண ஆணைப்படி ஒரு வெள்ளிதான். டாக்டர் பார்ப்பதும் மருந்தும் அதில் அடக்கம். மூன்றாம் வகுப்பு வார்டில் படுத்தால் நாள் ஒன்றுக்கு மூன்று வெள்ளி. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குத் தனிக் கட்டணப் பட்டியல் உண்டு. அது பல மடங்கு அதிகம். நம்மோடு கொழுந்து எடுக்கும் வங்காளதேச, நேப்பாள நண்பர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

தனியார் கிளினிக் பில்லில் "ருண்டிங்கான்" என்று ஒரு வரி இருக்கும். டாக்டர் நம்மைப் பரிசோதித்து ஆலோசனை சொன்னதற்கான கட்டணம் அது. 2006-ஆம் ஆண்டு விதிமுறைகள் குடும்ப டாக்டருக்கு இதை 10 வெள்ளி முதல் 35 வெள்ளி வரை என்று வரையறுத்தன. "ஊசிகூடப் போடவில்லை, எதற்குப் பணம்?" என்று சண்டை பிடிப்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் அந்தச் சண்டையில் நியாயமில்லை. "உபாட்" என்னும் மருந்து வரியைப் பற்றிக் கேட்பதில்தான் நியாயம் இருக்கிறது. 2025 மே முதல் தேதியிலிருந்து தனியார் கிளினிக்குகள் மருந்து விலையை நாம் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்பது சட்டம். எந்த மருந்து என்ன விலை என்று தயங்காமல் கேளுங்கள்.

பேனல் கிளினிக் என்பது முதலாளி ஏற்பாடு செய்த கிளினிக். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, முதலாளி நியமித்த டாக்டர் முதலாளியின் செலவில் பார்த்து எம்.சி. கொடுத்தால் சம்பளத்தோடு விடுமுறை. வேலையில் சேர்ந்து இரண்டு ஆண்டு நிறையாதவருக்கு ஆண்டுக்கு 14 நாள். ஐந்து ஆண்டு நிறையும்வரை 18 நாள். அதற்கு மேல் 22 நாள். நியமித்த டாக்டர் நியாயமான நேரத்திலோ தூரத்திலோ கிடைக்காவிட்டால் வேறு டாக்டரிடம் போகலாம். ஆனால் 48 மணி நேரத்துக்குள் தோட்ட ஆபீசுக்குத் தகவல் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எம்.சி. கையில் இருந்தும் அனுமதியில்லாமல் வேலைக்கு வராதவர் ஆகிவிடுவீர்கள். டைம் சிலிப் வேறு, எம்.சி. வேறு. இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை கிளினிக்கில் இருந்தார் என்பதற்கு மட்டுமே டைம் சிலிப் சாட்சி. அதைக் காட்டி ஒரு நாள் சம்பளம் கேட்க முடியாது.

வேலையில் வெட்டுப்பட்டாலோ சரிவில் விழுந்தாலோ, அது வேலையில் நடந்தது என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். பெர்கேசோ என்னும் சொக்சோ பாதுகாப்பு அதற்குத்தான். 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு. சீட்டில் வெறும் "காயம்" என்று மட்டும் பதிவானால் பிறகு நிரூபிப்பது பெரும்பாடு.

இனி, அடுத்து எங்கே என்று சொல்லும் தாள். அதன் பெயர் "சூராட் ருஜூக்கான்", பரிந்துரைக் கடிதம். ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்கு எழுதுவது அது. நோய் என்ன, எத்தனை நாளாக, என்ன சோதனை செய்தார்கள், என்ன மருந்து கொடுத்தார்கள், எதற்காக அனுப்புகிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். தானா ராத்தாவில் சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை இருக்கிறது. பெரிய நிபுணர்களைப் பார்க்க நம்மில் பலர் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்குப் போகிறோம். நாம் பகாங் மக்கள்தான். ஆனால் கம்போங் ராஜாவிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாக இறங்கினால் ஈப்போ பக்கம், குவாந்தானோ வெகு தூரம்.

இந்தக் கடிதம் யார் எழுதியது என்பதைப் பொறுத்தும் கட்டணம் மாறும். தனியார் டாக்டரின் கடிதத்தோடு அரசாங்க நிபுணரிடம் போனால் முதல் முறை 30 வெள்ளி. அடுத்த முறைகளில் ஐந்து வெள்ளி. அரசாங்கக் கிளினிக்கின் கடிதத்துக்கு அந்த முப்பது வெள்ளி இல்லை.

பலர் தவறிவிடும் இடம் ஒன்று உண்டு. கடிதம் வேறு, "தெமுஜான்ஜி" வேறு. தெமுஜான்ஜி என்றால் இந்தத் தேதியில் வா என்று குறித்துக் கொடுப்பது. என் மாணவன் ஒருவனின் பாட்டிக்கு நீரிழிவு. கண்ணைக் காட்டும்படி கடிதம் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியே கூப்பிடும் என்று அவர் எட்டு மாதம் காத்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை, தேதி வாங்கினால்தானே கூப்பிட! கடைசியில் போனபோது ஒரு கண்ணில் பாதிப் பார்வை போயிருந்தது. நீரிழிவு கண்ணின் பின்புறத்து நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது, வலி தெரியாது. முன்பே கண்டுகொண்டால் லேசர் சிகிச்சையால் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றலாம்.

"செகெரா" என்று எழுதியிருந்தால் உடனே போக வேண்டும். "சுசூலான்" என்றால் தொடர் சிகிச்சை. புதுக் கடிதம் வேண்டாம், தெமுஜான்ஜி அட்டை போதும். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, பாம்புக் கடி என்றால் கடிதத்துக்காக எங்கும் நிற்க வேண்டாம். நேரே "கெச்செமாசான்" பிரிவுக்குப் போய்விடுங்கள்.

மலாய் படிக்கத் தெரியாதவர்களுக்கும் பேசத் தெரியும் அல்லவா? கவுண்டரை விட்டு நகருமுன் மூன்று கேள்வி கேளுங்கள். "சூராட் இனி உந்தோக் மானா?" இந்தக் கடிதம் எந்த இடத்துக்கு? "தாரிக் பிலா?" தேதி எப்போது? "சியாப்பா பாயார்?" பணம் கட்டுவது யார்? பதிலைத் தாளின் பின்புறத்தில் அவர்களையே எழுதித் தரச் சொல்லுங்கள். பேரப் பிள்ளையிடம் கைத்தொலைபேசி இருந்தால் அந்தத் தாளை ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.