தறியும் தெருவும்

திருவண்ணாமலை மாவட்டத்திலே, கமண்டல நாகநதியின் கரையில் அமைந்த ஊர் ஆரணி. நெல்லுக்கும் பட்டுக்கும் பெயர் பெற்ற ஊர் அது. ஆரணிப் பட்டு 2008ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது. பட்டுச் சேலையின் எழிலைப் பற்றிப் பேசுவோர் பலர். நான் பேச விரும்புவதோ அச்சேலை பிறக்கும் இல்லத்தையும், அந்த இல்லம் நிற்கும் தெருவையும் பற்றியே.

பட்டின் கதை ஒரு தோட்டத்தில் தொடங்குகிறது. மல்பெரி இலையை உண்டு வளர்ந்த புழு தன்னைச் சுற்றிக் கூடு கட்டுகிறது. ஒரு கூட்டிலே பல நூறு மீட்டர் நீளமுள்ள ஒரே இழை இருக்கும். அது மிக மெல்லியது. ஆகவே பல கூடுகளின் இழைகளைச் சேர்த்தே நூலாக்குகிறார்கள். அந்நூலைச் சவர்க்கார நீரில் வேகவைத்துப் பசையைப் போக்கிய பின்னரே பட்டுக்கு உரிய மென்மையும் பளபளப்பும் தோன்றுகின்றன. பிறகு சாயம் ஏறுகிறது.

சாயமேறிய நூல் நெசவாளர் இல்லத்தை அடைந்ததும் குடும்பம் முழுவதற்கும் வேலை பிறக்கிறது. பாட்டி இராட்டினத்தின் முன் அமர்ந்து நூலை இழைக்கிறாள். இல்லத்தரசி ஊடைக்கு வேண்டிய தார் சுற்றுகிறாள். தறிக்குழியில் கால்களை இறக்கி அமர்ந்த நெசவாளர் மிதியை மிதிக்கிறார். பாவு நூல்கள் மேலும் கீழுமாகப் பிரிகின்றன. இடைவெளியில் நாடா பாய்கிறது. அச்சு வந்து ஊடையை இறுக்குகிறது. இவ்வளவும் ஒரே கூடத்தில் நடைபெறுவதால் வேலையும் பேச்சும் சேர்ந்தே நடக்கின்றன. கணவனும் மனைவியும் நாள் முழுதும் ஒருவர் குரலை ஒருவர் கேட்டிருக்கும் வாழ்வு எத்தனை தொழில்களில் கிடைக்கும்?

கொல்லையிலே ஒரு முருங்கையும் அவரைப் பந்தலும் இருந்தால் அதுவே அவர்களுக்குத் தோட்டம். குழியிலிருந்து எழுந்தவரின் கண்ணுக்கு அந்தப் பசுமை ஓய்வளிக்கிறது. காய்த்த முருங்கை வேலியைத் தாண்டி அண்டை வீட்டுக் குழம்பிலும் மணக்கிறது.

அண்டை வீட்டாரின் துணை காய்கறியோடு நின்றுவிடுவதில்லை. ஆயிரக்கணக்கான இழைகள் கொண்ட நீண்ட பாவை வீட்டுக்குள் விரிக்க இடமேது? வெயில் ஏறுமுன் அதனைத் தெருவிலே நீட்டுவது நெசவூர்களின் மரபு. ஒருவர் இழுத்துப் பிடிக்க வேண்டும். ஒருவர் சிக்கெடுக்க வேண்டும். ஒருவர் அறுந்த இழையை முடிய வேண்டும். இன்று உன் பாவு, நாளை என் பாவு என்பதே அங்கே கணக்கு. பாவு ஓட்டும் இயந்திரங்கள் வந்த பின்னர் இக்காட்சி அருகி வருகிறது. உழைப்புக் குறைவது நன்மையே. ஆயினும் காலைதோறும் தெருவை ஒன்றுகூட்டிய ஒரு காரணமும் அதனுடன் குறைகிறதன்றோ?

இவ்வின்பங்களைப் போற்றும் நாம் அவற்றின் மறுபக்கத்தையும் அறிய வேண்டும். 2019-20ஆம் ஆண்டில் எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் கைத்தறியால் வாழ்வோர் ஏறத்தாழ 35 இலட்சம் பேர்; அவர்களுள் பத்தில் எழுவருக்கு மேற்பட்டோர் பெண்கள். எனினும், சேலைக்கு இவ்வளவு என்று கூலி பேசும்போது தறியில் அமர்ந்தவரின் பெயரே முன்னிற்கிறது. தார் சுற்றிய கைக்கும் இராட்டினம் சுழற்றிய கைக்கும் தனிக் கூலி பெரும்பாலும் இல்லை. அன்பினால் செய்யும் வேலை என்பதனால் அது வேலை அன்று என்று ஆகிவிடுமா?

குழந்தைகளைப் பற்றியும் ஒரு சொல். பதினான்கு வயது நிரம்பாதோரை வேலைக்கு அமர்த்தலாகாது எனக் கூறும் 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், பள்ளி நேரம் போக, அபாயகரமல்லாத குடும்பத் தொழிலில் உதவுவதற்கு இடமளிக்கிறது. இங்கே எல்லையைக் காப்பது எளிதன்று. மாலையில் தாத்தாவின் அருகே அமர்ந்து பூவேலைப்பாட்டைக் கற்பது இன்பம். தறிக்காகப் பள்ளியை இழப்பது இழப்பே. சிறுவனின் புத்தகப் பை நாள்தோறும் பள்ளிக்குச் செல்கிறதா என்பதே இவ்விரண்டையும் பிரித்தறியும் அளவுகோல்.

மாணவர்களே, பட்டுச் சேலை ஒன்றைக் காணும்போது அதன் விலையை மட்டும் கேளாதீர்கள். அதில் எத்தனை பேருடைய கைகள் உள்ளன, அவர்களுள் எத்தனை பேர் கூலி பெற்றார்கள் என்றும் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு நேர்மையான விடை கிடைக்கும் நாளில், நெசவாளர் இல்லத்தின் இன்பம் அதில் வாழ்வோர் அனைவர்க்கும் உரியதாகும்.