முதல் டூட்டிக்குத் துணையாக இன்டர்நெட்டில் ஒரு சீனியர்

நர்சிங் படிப்பு முடித்து முதல் வேலைக்குத் தயாராகிறீர்களா? அப்படியானால் வீட்டில் வாங்கி வைத்திருக்கும் புதுக் கம்ப்யூட்டர் உங்களுக்குப் பெரிய துணையாக இருக்கும்.

படிக்கும்போது ஓரிரு நோயாளிகளைத்தான் பார்த்திருப்பீர்கள். பக்கத்திலேயே டியூட்டர் இருந்திருப்பார். வேலையில் சேர்ந்ததும் ஒரே ஷிப்டில் பல படுக்கைகள் உங்கள் பொறுப்பில் வரும். அப்போது ஏற்படும் திகைப்புக்கு 'ரியாலிட்டி ஷாக்' என்று பெயர். நர்சுகள் வேலையை விட்டுப் போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதை அமெரிக்காவின் மார்லின் கிராமர் 1974-ல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

இந்த நேரத்தில் கைகொடுப்பதுதான் 'பியர் மென்டரிங்'. ஓரிரு ஆண்டுகளுக்கு முன் இதே வழியில் சென்ற சீனியர் ஒருவர் உங்களுக்குத் துணையாக இருப்பார். மேலதிகாரியிடம் கேட்கத் தயங்குவதைக் கூட இந்த அக்காவிடமோ அண்ணனிடமோ கேட்டு விடலாம். அவர் வேறு ஊரில் இருந்தாலும் கவலையில்லை.

எப்படித் தொடங்குவது?

1. நம்பிக்கையான சீனியருக்கு ஒரு மெயில் அனுப்பிச் சம்மதம் கேளுங்கள். இருவரின் ஷிப்டும் வெவ்வேறாக இருந்தாலும், நேரம் கிடைக்கும்போது படித்துப் பதில் போடலாம்.

2. வாரம் ஒருமுறை வீடியோவில் பேசுங்கள். ஜூம் இலவசக் கணக்கில் ஒரு தடவைக்கு 40 நிமிடங்கள் கிடைக்கும். ஹெட்போன் அவசியம்.

3. அன்றன்று தடுமாறிய இடங்களைக் குறித்து வைத்துக் கேளுங்கள். டூட்டி மாறும்போது எதையெல்லாம் சொல்லி ஒப்படைப்பது? மூன்று படுக்கைகளில் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் யாரை முதலில் பார்ப்பது? டாக்டர் கோபித்துக் கொண்டால் என்ன செய்வது?

இரண்டு எச்சரிக்கைகள்

நோயாளியின் பெயர், படுக்கை எண், கேஸ் ஷீட் போட்டோ எதையும் அனுப்பாதீர்கள். வார்டில் எடுத்த செல்பியின் பின்னணியில் கூட அவை தெரிந்து விடலாம். நீங்கள் டெலிட் செய்தாலும் எதிர்முனையில் ஒரு காப்பி இருக்கலாம். தனிநபர் தகவல்களைப் பாதுகாக்க இந்தியாவில் 2023-ல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது.

மருந்தின் அளவில் சந்தேகமா? மெயில் போட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். வார்டு இன்சார்ஜ் சிஸ்டரிடமோ டாக்டரிடமோ அங்கேயே, மருந்து கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். சீனியர் உங்களுக்குத் தைரியம் தரலாம். அங்கிருக்கும் நோயாளியின் நிலை அவருக்குத் தெரியாது.

உங்களுக்கு வேலை பழகிய பிறகு, அடுத்த பேட்சிலிருந்து ஒருவர் உங்களுக்கு மெயில் அனுப்பலாம். மறக்காமல் பதில் போடுங்கள்!