கொதிக்கும் சேற்றில் நைதரசனின் நடமாட்டம்

நாம் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளிழுக்கும் காற்றில் ஐந்தில் ஏறக்குறைய நான்கு பங்கு நைதரசனே. ஆயினும் இழுத்ததை இழுத்தவாறே வெளியே விட்டுவிடுகின்றோம். நம் உடல் அதனை எடுத்து ஆள்வதில்லை. அந்த நைதரசன் இன்றேல் தசையில்லை, குருதியில்லை, விதையினுள்ளே முளையுமில்லை. பண்டசாலை நிறைய நெல்லிருக்க, அதன் திறவுகோலின்றி வாசலிற் பசித்திருப்பவனின் நிலையே உயிர்களின் நிலை.

காரணம் யாது? காற்றிலுள்ள நைதரசன் அணுக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து, மூன்று பிணைப்புகளால் ஒன்றையொன்று இறுகப் பற்றி நிற்கின்றன. அப்பிடியைத் தளர்த்தி அமோனியாவாகவோ நைத்திரேற்றாகவோ மாற்றினாலன்றிப் பயிர் அதனை உண்ண இயலாது. மின்னல் சிறிதளவு மாற்றுகின்றது. பசளைத் தொழிற்சாலைகள் பெருஞ் செலவில் மாற்றுகின்றன. பயறு, உழுந்து முதலியவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்கள் சந்தடியின்றி அதனையே செய்கின்றன. இவ்வாறு மாற்றப்பட்ட நைதரசனை மறுபடியும் காற்றுக்கே அனுப்பிவிடும் பற்றீரியாக்களும் உள. நீர் தேங்கி நிற்கும் நெல்வயலில் இட்ட பசளையின் ஒரு பகுதி இவற்றாலேயே களவு போகின்றது.

இந்தச் சுழற்சி வயலோடு நின்றுவிடுவதன்று. சூரிய ஒளி என்றுமே எட்டாத ஆழ்கடலின் அடியில், கொதிக்கும் சேற்றினுள்ளும் அது நடைபெறுகின்றது.

1977 ஆம் ஆண்டில் ‘அல்வின்’ என்னும் நீர்மூழ்கியில் இறங்கிய அமெரிக்க ஆராய்ச்சியாளர், கலாபகசுத் தீவுகளுக்கு அண்மையில் கடலடி வெந்நீரூற்றுகளையும், அவற்றைச் சூழ்ந்து செழித்திருந்த உயிர்களையும் கண்டு வியந்தனர். எனினும் நைதரசனின் கதையை அறிவதற்கு அதனிலும் ஏற்ற இடம் மெக்சிக்கோவின் மேற்கே, கலிபோர்ணியாக் குடாவின் நடுவே அமைந்த குவாய்மாசு என்னும் பள்ளமாகும். அங்கே ஆழம் ஏறக்குறைய 2,000 மீற்றர். ஏனைய பல இடங்களில் வெந்நீரானது வெற்று எரிமலைப் பாறையைப் பிளந்து பாய்கின்றது. குவாய்மாசிலோ அப்பாறையின்மேல் பல நூறு மீற்றர் தடிப்பில் சேறு படிந்துள்ளது. கடலின் மேற்பரப்பில் மிதந்து வாழும் நுண்பாசிகள் இறந்து, மழைபோல் ஓயாது கீழே வீழ்வதால் உண்டான சேறு அது. அதனை ஊடுருவி வருகின்ற வெந்நீர் அடுப்பேற்றிய பானையைப்போல் அதனைச் சமைக்கின்றது. மேற்றளத்தில் 3 பாகை செல்சியசு அளவு குளிர்ந்திருக்கும் சேறு, அரை மீற்றர் ஆழத்தினுள்ளேயே 100 பாகையைத் தாண்டும் இடங்களும் அங்குள. நிலத்தினடியிற் பல மில்லியன் ஆண்டுகளில் உருவாகும் பெற்றோலியம், இங்கே சில ஆயிரம் ஆண்டுகளிலேயே உருவாகிவிடுகின்றது!

எண்ணெயோடு அமோனியாவும் வெளிவருகின்றது. இறந்த பாசிகளின் புரதத்திற் கட்டுண்டு கிடந்த பழைய நைதரசனே அது. கிழக்குப் பசிபிக் சமுத்திரத்தின் வெற்றுப் பாறை ஊற்றுகளில் இருப்பதைவிட, குவாய்மாசின் ஊற்று நீரில் அமோனியா ஆயிரம் மடங்குக்கும் அதிகமாக உள்ளது. அது சேற்றை விட்டு மேலேறி, ஒட்சிசன் கலந்த குளிர்நீரைச் சேர்ந்ததும், ஒரு வகை நுண்ணுயிர்கள் அதனை எரித்து நைத்திரைற்றாக்க, வேறு சில அதனை நைத்திரேற்றாக்குகின்றன. இவ்வேலையின் முதற்படியைச் செய்வோரிற் பெரும்பாலோர் பற்றீரியாக்களே அல்லர். ஆக்கியா என்னும் தனிப் பேரினத்தைச் சார்ந்தோர். அமோனியாவை இவ்வாறு எரித்து வாழும் ஆக்கியா ஒன்றை 2005 ஆம் ஆண்டில் முதன்முதலாகத் தனித்து வளர்த்துக் காட்டினர். அது கிடைத்த இடம் ஆழ்கடலன்று. சியாற்றில் நகரத்து மீன்காட்சிச்சாலையின் தொட்டி!

இனிச் சேற்றின் மேற்றளத்தைப் பார்ப்போம். அங்கே வெண்மையும் மஞ்சளும் செம்மஞ்சளுமாகக் கம்பளங்கள் விரித்தாற்போன்ற படைகள் தோன்றும். நெருங்கிப் பார்த்தால் அவை உயிருள்ள நூல்கள். பெஜ்ஜியட்டோவா என்னும் இப்பற்றீரியா சிறியதென்று சொல்லத்தக்கதன்று. குவாய்மாசில் அதன் நூல்கள் ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்குக்கும் மேற்பட்ட அகலமுடையனவாய் வளர்வதை, வூட்ஸ் ஹோல் கடலாராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஹோல்கர் யானாஷும் உடனாய்வோரும் 1989 இல் எடுத்துக் கூறினர். நம் தலைமயிரின் தடிப்பளவே அது. இவ்வினத்திற்கு வேறொரு பெருமையும் உண்டு. சூரிய ஒளியோ பிறவுயிரின் உடலோ இன்றி, உயிரற்ற பொருளை எரித்து ஓர் உயிர் வாழக்கூடும் என்னும் உண்மையை வினோகிராட்ஸ்கி என்னும் ருசிய அறிஞர் 1887 இல் கண்டறிந்தது இதனைக் கொண்டேயாம். அது எரிக்கும் விறகு, அழுகிய முட்டையின் நாற்றமுடைய ஐதரசன் சல்பைட்டு.

விறகு சேற்றினடியில் நிறைய உண்டு. ஆனால் எரிப்பதற்கு வேண்டிய ஒட்சிசன் அங்கே இல்லை. ஒட்சிசனும் நைத்திரேற்றும் மேலேயுள்ள நீரில் உள, அங்கே விறகில்லை. இச்சங்கடத்தைப் பெஜ்ஜியட்டோவா தீர்த்துக்கொண்ட முறை மெச்சத்தக்கது. அது தன் உடலின் பெரும்பகுதியை ஒரு வெறும் பையாக்கி, அதனுள் நைத்திரேற்றை நிரப்பிக்கொள்கின்றது. முத்துக்குளிப்பவன் மூச்சையடக்கிக்கொண்டு இறங்குவதுபோல், அந்நைத்திரேற்றைச் சுமந்துகொண்டு சேற்றினுள் ஊர்ந்து சென்று, ஒட்சிசனுக்குப் பதிலாக அதனையே ‘சுவாசிக்கின்றது’. கலிபோர்ணியாக் கரைக்கப்பால் மொன்ரறே ஆழ்பள்ளத்தில் எடுத்த இவ்வினத்து நூல்களை 1996 இல் ஆராய்ந்தபோது, சூழவுள்ள கடல்நீரில் இருப்பதிலும் மூவாயிரம் மடங்குக்கு மேற்பட்ட செறிவில் நைத்திரேற்று அவற்றுள் இருந்தது.

சுவாசித்த பின்னர் அந்த நைத்திரேற்று என்னவாகின்றது? இக்கதையின் உயிர்நிலை இக்கேள்வியிலேயே உள்ளது. அது வாயு நைதரசனாகிப் போனால், அவ்விடத்து உயிர்கட்கு அது பெரும்பாலும் இழந்த செல்வமே. அமோனியாவாக மாறினாலோ மறுபடியும் உணவாகும். சேற்றிற் குடியிருக்கும் உயிர்க்கூட்டம் எவ்வளவு பெருகலாம் என்பது இவ்விரண்டில் எது மிகுகின்றது என்பதைப் பொறுத்தது. 2018 இல் வெளியான ஆய்வொன்று, குவாய்மாசின் பெஜ்ஜியட்டோவா இரண்டையுமே செய்ய வல்லது எனக் காட்டிற்று. சிக்கனக்காரனும் ஊதாரியும் ஓருடலிற் குடியிருப்பதாகக் கொள்ளலாம்.

கண்ணுக்குத் தெரியாத வாயுவின் மூலத்தை எங்ஙனம் அறிவது என மாணவர்கள் கேட்கக்கூடும். நைதரசன் அணுக்களிற் பெரும்பாலானவை 14 நிறையுடையவை. 15 நிறையுடையவை மிகச் சில. பாரமான அணுக்களாலாகிய நைத்திரேற்றைச் சேற்றிற்கு ஊட்டி, எழும் வாயுவை நிறுத்துப் பார்க்கின்றனர். 30 நிறையுடையதாயின் இரண்டு அணுவும் நைத்திரேற்றிலிருந்து வந்தவை. 29 ஆயின் அணு ஒன்று நைத்திரேற்றிலிருந்தும் மற்றையது சேற்றின் அமோனியாவிலிருந்தும் வந்து கூடியவை. இவ்விரண்டாம் வகைக் கூட்டு இயலக்கூடியதென வியன்னாவின் எங்கெல்பேட் புரோடா 1977 இலேயே கணித்துக் கூறினார். அதைச் செய்யும் பற்றீரியாக்கள் 1990களில் ஒல்லாந்தில், தொழிற்சாலைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் தொட்டியொன்றில் வெளிப்பட்டன. 2002 முதல் ரொட்டர்டாம் நகரம் தன் கழிவுநீரிலுள்ள அமோனியாவை அகற்ற அவற்றைப் பயன்படுத்தத் தொடங்கியது. அத்லாந்திக் சமுத்திரத்தின் வெந்நீரூற்றுகளிலும் அவ்வினத்தின் தடயங்கள் 2009 இல் கண்டறியப்பட்டன.

போனது திரும்ப வருமா? வரும், ஆனால் விலை அதிகம். நைதரசனின் பிணைப்பை அவிழ்ப்பது நுண்ணுயிருக்கும் பெருஞ் செலவான வேலை. ஆதலால் அமோனியா கையருகே இருக்கும்போது அவற்றிற் பல அவ்வேலையைத் தொடுவதில்லை. சேறில்லாத ஊற்றுகளில் அச்சௌகரியம் இல்லை. அமெரிக்காவின் வடமேற்குக் கரைக்கப்பால், ஹுவான் டி பூக்கா மலைத்தொடரின் ஊற்றொன்றிலிருந்து எடுத்த மெதேன் ஆக்கும் ஆக்கியா ஒன்று, 92 பாகை வெப்பத்தில் நைதரசனைக் கட்டி உணவாக்குவதை மெஃதா, பரோஸ் என்னும் இருவர் 2006 இல் நிறுவினர். அதற்கு முன்னர் அறியப்பட்டிருந்த உச்ச வெப்பநிலை 64 பாகை மட்டுமே. மூன்றாண்டு கழித்து, கலிபோர்ணியாவை அடுத்த குளிர்ந்த கடற்சேற்றில், மெதேனை உண்ணும் ஆக்கியாக்களும் நைதரசனைக் கட்டுவதாகவும், கட்டியதில் ஒரு பங்கைத் தம்மோடு ஒட்டிவாழும் பற்றீரியாக்களுக்கு அளிப்பதாகவும் வேறு ஆராய்ச்சியாளர் கண்டனர். அவை மிகவும் மெதுவாக வளர்வன. ஒன்று இரண்டாகப் பெருகுவதற்கே மாதக்கணக்காகும்.