இறங்கும் தண்ணீருக்கே முதல் மரியாதை

வண்ண மீன் வாங்கச் சென்னை கொளத்தூர் கடைகளில் ஏறி இறங்குபவர்கள், மீனைத் தேர்ந்தெடுக்க ஒரு மாதம் யோசிப்பார்கள். கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர், விளக்கு எத்தனை வாட் என்று கடைக்காரரைத் துளைத்தெடுப்பார்கள். பைப் விஷயம் மட்டும் கடைசி நாள் மாலை, தெருமுனை ஹார்டுவேர் கடையில் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். “மோட்டார் வாய் அரை இஞ்சு சார், அரை இஞ்சே ஓட்டிடலாம்” என்பார் பிளம்பர். அங்கேதான் வினை ஆரம்பிக்கிறது.

தொட்டிக்கு அடியில், ஸ்டாண்டுக்குள் சம்ப் எனும் வடிகட்டும் கீழ்த்தொட்டி வைக்கும் அமைப்பில் இரண்டு குழாய்கள். மேல்தொட்டியில் வழியும் தண்ணீர் ஒன்றில் தானாக இறங்கி, பஞ்சையும் பயோ மீடியாவையும் கடந்து வருகிறது. அதை பம்ப் இன்னொன்றில் மேலே ஏற்றுகிறது. ஏறும் தண்ணீரைத் தள்ள மோட்டார் இருக்கிறது. இறங்கும் தண்ணீருக்குப் புவியீர்ப்பை விட்டால் நாதியில்லை. ஏற்றம் அதிகமானால் வால்வைத் திருகிக் குறைக்கலாம். இறக்கம் போதாவிட்டால் திருகுவதற்கு எதுவுமில்லை, தண்ணீர் ஹாலுக்கு வந்துவிடும். அதனால் என் கட்சி இதுதான்: இறங்கு குழாயின் அளவை முதலில் முடிவு செய்யுங்கள். பம்பை அப்புறம் வாங்கலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி 9 கன அடி, சுமார் 255 லிட்டர். நன்னீர் மீன்களுக்கு மணிக்கு ஐந்து சுற்று போதும் என்று வைத்தால் 1,250 லிட்டர் ஓட வேண்டும்.

ஒரு இஞ்சு குழாயில் இது இறங்கிவிடாதா? இறங்கும், ஆனால் சும்மா இறங்காது. திறந்த குழாயில் விழும் தண்ணீர் தன்னோடு காற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. குடத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தால் காற்றும் தண்ணீரும் ஒரே வாயில் முட்டிமோதி ‘குளுக் குளுக்’ என்னுமே, அந்தச் சத்தம் ராத்திரி முழுக்கக் கேட்கும். அடுக்குமாடிகளின் செங்குத்துக் கழிவுக் குழாய்களைக்கூட, குறுக்குப் பரப்பில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரைதான் தண்ணீர் போகும் என்று வைத்து வடிவமைக்கிறார்கள். மிச்சமெல்லாம் காற்றுக்கு. நம் தொட்டிக்கும் அதே நியாயம்தான். இந்த 1,250 லிட்டருக்கு ஒன்றரை இஞ்சு போட்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.

இன்னொரு வழியும் உண்டு. காற்றே புகாமல் குழாய் முழுக்க நிரம்பி ஓடும்படி, கீழே கேட் வால்வு வைத்துக் கட்டுப்படுத்துவது. அப்போது அதே ஒரு இஞ்சு, மணிக்கு 3,000 லிட்டரைத் தாண்டி, சத்தமே இல்லாமல் இறக்கும். ஆனால் ஒரு நத்தை போய் வால்வில் உட்கார்ந்தால் கதை முடிந்தது. ஆகவே பக்கத்திலேயே சற்று உயரமாக, எப்போதும் காய்ந்தே கிடக்கும் ஓர் அவசரக் குழாய் கட்டாயம் வேண்டும். எந்த முறையானாலும் இறங்கு வழியின் நடுவில் ரெடியூசர் போட்டு அளவைக் குறைக்கக் கூடாது.

இனி ஏறு குழாய். பம்ப் பெட்டியில் போட்டிருக்கும் ‘மணிக்கு 3,000 லிட்டர்’ என்பது தண்ணீரைத் துளியும் உயர்த்தாதபோது கிடைப்பது. அதே பெட்டியில் உள்ள அதிகபட்ச உயரமோ, ஒரு சொட்டுகூட வெளியே வராத உயரம். நமக்குக் கிடைப்பது இரண்டுக்கும் நடுவில் எங்கோ. போதாததற்குக் குழாயின் உராய்வும் சேர்ந்துகொள்கிறது. இரண்டு மீட்டர் குழாய், நாலு எல்போ என்று வையுங்கள். 16 மி.மீ. உள்விட்டமுள்ள அரை இஞ்சில் 1,250 லிட்டரைத் தள்ளினால், உராய்வு மட்டும் கூடுதலாக 80 சென்டிமீட்டருக்கு மேல் ஏற்றுவதற்குச் சமம். 27 மி.மீ. உள்விட்டமுள்ள ஒரு இஞ்சில் அது 10 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். விட்டம் இரண்டு மடங்கானால் உராய்வு பாதியாகும் என்று நினைக்கிறோம். உண்மையில் கிட்டத்தட்ட முப்பதில் ஒரு பங்காகிவிடுகிறது! பெரிய பம்ப் வாங்கி மாதாமாதம் கரன்ட் பில் கட்டுவதைவிட, ஒரு தடவை பெரிய பைப் வாங்குவது லாபம். மோட்டார் வாய் அரை இஞ்சாக இருந்தால் என்ன, அதை ஒட்டியே அளவைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். 90 டிகிரி எல்போவுக்குப் பதில் இரண்டு 45 டிகிரி போட்டால் இன்னும் நல்லது.

கடையில் ஒரு சங்கதி கவனிக்க வேண்டும். மில்லிமீட்டர் கணக்கில் வரும் பிவிசியில் ஒரு இஞ்சின் வெளிவிட்டம் 32 மி.மீ. வீட்டு பிளம்பிங்குக்கு வரும் வெள்ளை யூபிவிசியில் 33.4. சிபிவிசியில் 28.6. மூன்றுக்கும் கவுண்டரில் ‘ஒரு இஞ்சு’ என்றுதான் பெயர், ஆனால் ஒன்றின் எல்போவில் இன்னொன்று சரியாக உட்காராது. சொல்யூஷன் தடவி அடித்து இறக்கினால் ஆறு மாதத்தில் கசியும். கையோடு ஒரு துண்டு பைப் எடுத்துப் போய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள். இறால், நத்தை வளர்ப்பவர்கள் பித்தளை வால்வு பக்கம் போகவே வேண்டாம். அதிலுள்ள செம்பு அவற்றுக்கு விஷம்.

கடைசியாக, கரன்ட் போனால் என்ன ஆகும்? பம்ப் நின்றதும் ஏறு குழாயே சைபனாகி, மேல்தொட்டித் தண்ணீரைத் திரும்பக் கீழே உறிஞ்சும். அதன் வாய் ஓர் இஞ்சு ஆழத்தில் இருந்தால் நம் தொட்டியில் சுமார் 14 லிட்டர் சம்புக்கு வரும். நாலு இஞ்சு ஆழம் என்றால் 56. ஒருவழி வால்வை நம்பாதீர்கள், கொஞ்சம் பாசி சிக்கினாலே அது மூடாது. வாயை நீர்மட்டத்தை ஒட்டி வையுங்கள். மீன் விடுமுன் தொட்டியை ஓடவிட்டு, சுவிட்சை அணைத்து, சம்பில் தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்று பாருங்கள். விளிம்புக்கு இரண்டு விரல் கீழேயே நின்றால் சரி. பிறகு பம்பைப் போட்டு, ஓடும்போது சம்பில் நிற்கும் மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். அந்தக் கோட்டைத் தாண்டித் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வையுங்கள்.