காது கேட்கிறதா, கண் கேட்கிறதா? ஸ்பீக்கர் சண்டைக்குத் திரை போட்ட விஞ்ஞானிகள்!

ஒரே அறை. ஒரே பாட்டு. ஒரே ஸ்பீக்கர். கேட்டவர்கள் இரண்டு பேர்.

"ஆகா! பாடகர் எதிரே நின்று பாடுவது போல் இருக்கிறது" என்கிறார் ஒருவர்.

"காதைக் குத்துகிறது" என்கிறார் மற்றவர்.

உயர்ந்த ரக ஸ்பீக்கர் பிரியர்கள் இருக்கும் இடமெல்லாம் இந்தச் சண்டை உண்டு. அவர்கள் ஸ்பீக்கருக்கு லட்சக்கணக்கில் பணம் கொடுக்கிறார்கள். ஒரு ஜோடியின் விலை கோடி ரூபாயைத் தாண்டுவதும் உண்டு! அவ்வளவு பணத்தைக் கொட்டியவர், "என்னுடையதுதான் உசத்தி" என்று சொல்லாமல் இருப்பாரா?

மூலையில் ஒரு பீரோ

இந்தக் கட்சிகள் இன்று நேற்று தோன்றியவை அல்ல.

அமெரிக்காவில் ஹோப் என்று ஒரு சிற்றூர். பால் கிளிப்ஷ் என்ற என்ஜினீயர் 1946-ல் அங்கே ஒரு கம்பெனி தொடங்கினார். அவர் செய்த ஸ்பீக்கர் பீரோ போல இருக்கும். அதை அறையின் மூலையில்தான் வைக்க வேண்டும். உள்ளே, நாதசுரத்தின் வாய் போல விரிந்து கொண்டே வரும் குழல். மூலைச் சுவர்களும் அந்தக் குழலின் பாகமாகி விடும். கொஞ்சம் மின்சக்தி கொடுத்தால் போதும். வீடே அதிரும்!

1957-ல் இங்கிலாந்தில் பீட்டர் வாக்கர் என்பவர் இதற்கு நேர்மாறான ஒன்றை விற்பனைக்குக் கொண்டு வந்தார். அதில் பெட்டி இல்லை. மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று மின்விசையால் அதிர்ந்து ஒலி தரும். 'குவாட்' என்று பெயர். குரல் கண்ணாடி போல் தெளிவாக இருக்கும். ஆனால், வீடு அதிராது.

கிளிப்ஷ் ரசிகருக்குக் குவாட் சப்பென்று இருக்கும். குவாட் ரசிகருக்குக் கிளிப்ஷ் கத்துவது போல் இருக்கும். "அவரவர் ருசி அவரவருக்கு" என்று பலரும் இதை விட்டு விட்டார்கள்.

ஒருவர் விடவில்லை.

திரைக்குப் பின்னால்

அவர் பெயர் பிளாய்ட் டூல். கனடா நாட்டு விஞ்ஞானி. ஆட்டவா நகரில் உள்ள தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் 1965-ல் சேர்ந்தார். ஸ்பீக்கர்களுக்கு முன்னால் அவர் ஒரு திரையைத் தொங்க விட்டார். ஒலியைத் தடுக்காத மெல்லிய துணி அது. கேட்பவரின் காதுக்கு வேலை உண்டு. கண்ணுக்கு இல்லை.

இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்று சற்று உரக்கப் பாடினாலும் போதும், அதுதான் நல்லது என்று காது சொல்லி விடும். ஆகையால், எல்லா ஸ்பீக்கர்களையும் ஒரே அளவு சத்தத்தில் வைத்தார்.

என்ன நடந்தது தெரியுமா?

எங்கள் ருசி வேறு, உங்கள் ருசி வேறு என்று சொல்லிக் கொண்டவர்கள், பெரும்பாலும் அதே ஸ்பீக்கர்களையே நல்லவை என்றார்கள்! கனத்த ஒலி முதல் கீச்சு ஒலி வரை எதையும் கூட்டாமல், குறைக்காமல் தந்தவை அவை.

சிலர் மட்டும் நிலையில்லாமல் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். காரணம்? அவர்களுடைய காதுகளில் கேட்கும் சக்தி குறைந்திருந்தது. அவர்களில் ஒலிப்பதிவுத் தொழில் செய்தவர்களும் இருந்தார்கள். பிறருக்காக ஒலியைச் சரிபார்ப்பதுதான் அவர்கள் பிழைப்பு! உரத்த சத்தத்திலேயே ஆண்டுக்கணக்கில் வேலை செய்தால் காது தேய்ந்து போகிறது. தேய்வது சிறிது சிறிதாக. ஆகவே, தேய்ந்தவருக்கே அது தெரிவதில்லை. பரிதாபம்தான்.

பார்த்ததும் மாறிய மார்க்

டூல் 1991-ல் ஹர்மன் என்ற அமெரிக்கக் கம்பெனிக்குப் போனார். அவருடன் ஆராய்ச்சி செய்த ஷான் ஆலிவும் 1993-ல் அங்கே சேர்ந்தார். திரை எதற்கு, இத்தனை ஆண்டு அனுபவம் உள்ள நாங்களா ஏமாறுவோம் என்று அங்கே சிலருக்கு மனத்தாங்கல். சரி, சோதித்துப் பார்த்து விடுவோம் என்று இருவரும் இறங்கினார்கள்.

முடிவு 1994-ல் வெளியாயிற்று. கேட்டவர்கள் கம்பெனி ஊழியர்கள் 40 பேர். ஸ்பீக்கர்கள் நான்கு. அவற்றில் இரண்டு பெரியவை, விலை உயர்ந்தவை, சொந்தக் கம்பெனிச் சரக்கு. ஒன்று சிறியது, விலை மலிவானது. திரை போட்டு ஒரு முறை கேட்டார்கள். திரை இல்லாமல் ஒரு முறை கேட்டார்கள்.

கண்ணால் பார்த்தபோது பெரிய பெட்டிகளுக்கு மார்க் ஏறியது! சின்னப் பெட்டிக்கு இறங்கியது! பாட்டும் அதே, காதும் அதே.

இன்னொரு வேடிக்கை. ஸ்பீக்கரை இடம் மாற்றி வைத்தால் ஒலி மாறும். திரை இருந்தபோது அந்த மாறுதல் மார்க்கில் நன்றாகத் தெரிந்தது. கண்ணால் பார்த்தபோது அவ்வளவு தெரியவில்லை. கண் சொன்னதையே காது நம்பி விட்டது.

பிற்பாடு அந்தக் கம்பெனி இதற்கென்றே ஓர் இயந்திரம் அமைத்தது. திரைக்குப் பின்னால் ஒரு ஸ்பீக்கரைத் தள்ளி, அதே இடத்தில் இன்னொன்றைச் சில வினாடிகளில் நிறுத்தி விடும்.

2003-ல் ஆலிவ் வெளியிட்ட ஆராய்ச்சியில் 268 பேர். கேட்டுப் பழகிய நிபுணர்கள், கடைக்காரர்கள், பத்திரிகை விமர்சகர்கள், கல்லூரி மாணவர்கள் என்று பல வகை. நிபுணர்கள் கஞ்சத்தனமாக மார்க் போட்டார்கள். ஆனாலும், எது நல்லது, எது மட்டம் என்பதில் எல்லாரும் ஏறக்குறைய ஒரே வரிசையைத்தான் சொன்னார்கள்.

அப்படியானால் ருசி என்பதே இல்லையா?

உண்டு. முக்கியமாகக் கனத்த ஒலியில் உண்டு. 'பேஸ்' என்கிறார்களே, அதுதான். தாளம் நெஞ்சில் இடிக்க வேண்டும் ஒருவருக்கு. அளவோடு இருந்தால் போதும் இன்னொருவருக்கு.

அங்கேயும் ஒரு சிக்கல். கனத்த ஒலியை ஸ்பீக்கர் மட்டும் தருவதில்லை. அறையும் சேர்ந்து தருகிறது. சுவரோரம் உட்கார்ந்தவருக்கு அது முழங்கும். நடு அறையில் உட்கார்ந்தவருக்கு மெலிந்து போகலாம். ஒரே ஸ்பீக்கருக்காக இருவர் சண்டை போடும்போது, அவரவர் நாற்காலியில் இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம்!

ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர், தமக்கு நன்றாகத் தெரிந்த பாட்டை எடுத்துச் செல்லலாம். எல்லாவற்றையும் ஒரே அளவு சத்தத்தில் வைக்கச் சொல்ல வேண்டும். கூட வந்தவரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லி விட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம். விலையைக் கடைசியில் விசாரித்தால் போதும்.