அடுப்பு கேட்பது விறகா, காற்றா?

வங்கியில் வரவு செலவு பார்த்தவன் நான். ஓய்வு பெற்றபின் ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே நெல் சாகுபடி செய்கிறேன். மாப்பிள்ளைச் சம்பாவை நாமே அவித்துப் புழுங்கல் அரிசியாக விற்றால்தான் கட்டுப்படியாகுது. ஆனால் முதல் வருஷம் விறகுச் செலவே லாபத்தைத் தின்றது. போதாக்குறைக்கு, அரிசியில் புகை வாடை என்று திருப்பியும் அனுப்பினாங்க.

தீ மந்தமானால் இன்னொரு கட்டையைத் திணிக்கிறோம். தீ கேட்பது பெரும்பாலும் காற்றைத்தான்.

காய்ந்த விறகின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு, சூடேறியதும் வாயுவாகக் கிளம்பும். மீதிதான் கரி. கரிக்குக் கீழிருந்து காற்று வேணும். வாயுவுக்கு மேலே, தணலுக்குப் பக்கத்தில் வேணும். அது கிடைக்காத வாயுதான் புகை. அண்டா அடியில் படியும் கரி, நாம் காசு கொடுத்து வாங்கிய விறகு!

அதற்காக அடுப்பு வாயை அகலத் திறந்தாலும் நஷ்டம். ஒரு கிலோ விறகு எரிய, கணக்குப்படி சுமார் 6 கிலோ காற்று. நடைமுறையில் கொஞ்சம் கூடுதல். அதற்கு மேல் போகும் காற்று சூட்டைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிடும். எங்கள் அடுப்பின் வாய் மேற்குப் பார்த்தது. ஆடியில் மேல்காற்று நேரே புகுந்தது. விறகு சடசடன்னு தீர்ந்தது, தண்ணீர் கொதிக்கலை.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1974-ல் தொடங்கிய 'அஸ்த்ரா' பிரிவு உருவாக்கிய அடுப்பில் மூடிய தீயறை, கம்பித் தட்டு, புகைபோக்கி மூன்றும் உண்டு. அதே வழியில் எங்கள் அடுப்பையும் மாற்றிக் கட்டினோம்:

• வாயைக் கிழக்கே திருப்பி, தகரக் கதவு போட்டோம்.

• விறகைக் கம்பித் தட்டில் ஏற்றினோம். கீழே சாம்பல் குழி. காற்று அதன் வழியே வரும். குழி நிரம்பினால் தீ மூச்சுத் திணறும், தினம் அள்ளணும்.

• தட்டுக்கு மேலே சுவரில் சின்னத் துளைகள், வாயு எரிய.

• அண்டா விளிம்பை மண் பூசி அடைத்து, புகைபோக்கியில் தள்ளுதகடு வைத்தோம். தணல் இருக்கும்போது இதை முழுசா மூடாதீங்க. மூடினால் கொட்டகைக்குள் நச்சுவாயு சேரும்.

எந்த அடுப்பானாலும் ஈர விறகுக்கு வழி கிடையாது. பாதி ஈரமுள்ள 10 கிலோ விறகில் 5 லிட்டர் தண்ணீர். நெல்லுக்கு முன்னே அதைத்தான் அவிக்கிறோம். வெட்டிப் பிளந்து, மழை படாமல் ஆறு மாசம் காயவிடுங்க.

இப்போது புகை வாடைப் புகார் இல்லை. அடுப்பூதும் பெண்களுக்குக் கண் எரிச்சலும் குறைந்தது. நீங்களும் ஒவ்வோர் அவியலுக்கும் விறகை எடை போட்டு நோட்டில் எழுதுங்க. ஓட்டை எங்கேன்னு கணக்கே காட்டிவிடும்.