ஞாபகத்தைக் குலைக்கும் கால்சியம்

1906-ஆம் ஆண்டு நவம்பரில், ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரில் கூடிய மனநோய் வைத்தியர்களின் சபையில், ஞாபகசக்தியை இழந்து மாண்ட ஒரு மாதின் மூளையைப் பரிசோதித்துத் தாம் கண்டவற்றை அலோய்ஸ் அல்ஸைமர் எடுத்துரைத்தபோது, அங்கே திட்டுத்திட்டாகப் படிந்திருந்த ஒரு விசித்திரப் பொருளையும் குறிப்பிட்டார். பீட்டா அமிலாய்டு என்று இன்று நாம் அறியும் புரதத்தின் படிவு அது. படிவுகளே அல்ஸைமர் நோய்க்கு மூலகாரணம் என்று நெடுங்காலம் கருதியது இயல்பே. ஆயினும், அவ்வாறு இறுகிப் படிவதற்கு முன், கரைந்த நிலையில் உலவும் அதன் சிறு திரள்களே அதிகக் கொடியவை என்று இப்பொழுது விஞ்ஞானிகள் பலர் எண்ணுகிறார்கள். அவை விளைக்கும் கேட்டில் ஒரு பகுதி கால்சியத்தைப் பற்றியது.

எலும்புக்கு உறுதி தரும் சுண்ணாம்புச் சத்து என்று நாம் அறிந்த கால்சியம், ஓய்ந்திருக்கும் நரம்பணுவின் உள்ளே, வெளியில் இருப்பதில் சுமார் 10,000-இல் ஒரு பங்கே இருக்கிறது; இந்த மகத்தான வித்தியாசத்தைக் காப்பதற்காக, அணுவானது இடையறாது சக்தியைச் செலவிட்டு, அதை வெளியேற்றிக்கொண்டும், அகத்தேயுள்ள சவ்வுப் பைகளில் அடைத்துக்கொண்டும் இருக்கிறது. உள்ளே இத்தனை குறைவாக இருப்பதனாலேயே, ஒரு வாயில் கணநேரம் திறந்து சிறிதளவு புகுந்தாலும் அது தெளிவான சமிக்ஞையாகிறது. சட்டென்று பெரிதாக எழுந்து அடங்கும் உயர்வு நரம்பிணைப்பை வலுப்படுத்தும். சிறிதாக நீடித்து நிற்கும் உயர்வோ கால்சிநியூரின் என்னும் நொதியைத் தூண்டி அதை நலிவிக்கும். நாம் கற்பதும் மறப்பதும் இவ்வளவு நுண்ணிய பேதத்தைப் பற்றி நிற்பதை எண்ணுந்தோறும் எனக்குப் பிரமிப்பே மேலிடுகிறது.

அமிலாய்டு இந்த ஒழுங்கைப் பல வழிகளில் குலைக்கிறது. நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் குளூட்டமேட்டால் திறக்கும் வாயில்களைக் கிளர்த்துகிறது; உட்பைகளிலிருந்து கால்சியத்தைக் கசியவிடுகிறது. அதுவன்றி, 1993-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் செயற்கைக் கொழுப்புச் சவ்வில் இப்புரதத்தைச் சேர்த்தபோது, அதுவே சவ்வைத் துளைத்துக் கால்சியம் பாயும் துவாரமாவதைக் கண்டார்கள். அமிலாய்டு படிந்த சுண்டெலிகளின் மூளையை 2008-இல் ஆராய்ந்தவர்களோ, நரம்பிழைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் கால்சியம் மிகுந்திருப்பதையும், படிவுகளின் அருகே அது கூடுதலாக இருப்பதையும் கண்டறிந்தார்கள். ஆரவாரம் மிகுந்த சபையில் மெல்லிய குரல் எடுபடாதது போல, அத்தகைய இழையில் சமிக்ஞை எடுபடாமற் போகிறது. அணு மடிவதற்கு வெகுமுன்னரே இணைப்புகள் உதிரத் தொடங்குகின்றன.

அமெரிக்காவில் 2023-இல் முழு அங்கீகாரம் பெற்ற லெகானெமாப் என்னும் மருந்து, அமிலாய்டை அகற்றி நலிவைத் தாமதப்படுத்துகிறதே ஒழிய, இழந்த ஞாபகத்தை மீட்பதில்லை. ஆதலால், கால்சியத்தின் நிலையைச் சீராக்கும் முயற்சியும் சம ஊக்கத்துடன் நடைபெற வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். அவ்வழியில், குளூட்டமேட்டு வாயில்களின் மிகையான திறப்பை மட்டுப்படுத்தும் மெமன்டைன் என்னும் மாத்திரை, இருபது ஆண்டுகளுக்கு மேலாக வைத்தியர்களின் கையில் இருக்கிறது; அது தரும் நிவாரணம் சிறிதே.